திருப்பிப் போட்ட அரிசி

ஜூன் 9, திங்கள்

எழில் அனுப்பிய தராசு கூரியரில் வந்தது. ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலம்கூட இல்லை. பொத்தானை அழுத்தினால் பச்சையாக எண் எரிகிறது. முப்பத்தோரு வருஷம் முத்திரை ஆய்வாளராக மாயவரம் வட்டாரத்தில் கடை கடையாக ஏறி, தராசையும் படியையும் சோதித்து முத்திரை குத்தியவனுக்கு மகள் தராசு வாங்கி அனுப்புகிறாள். எல்லாம் காலம்.

பீரோவிலிருந்து என் பித்தளை எடைக்கல்லை எடுத்தேன். நூறு கிராம். நான் ஓய்வு பெற்ற அன்று அலுவலகத்தில் கொடுத்தது. தராசில் வைத்தால் 100 என்று காட்டியது, ஒரு கிராம் முன்னே பின்னே இல்லை. பரவாயில்லையே என்று கல்லைத் துடைத்து உள்ளே வைத்துப் பூட்டினேன்.

புனேயில் இருக்கும் எழிலுக்கு அம்மாவின் சமையல் முழுவதும் கிராம் கணக்கில் வேண்டுமாம். என் மனைவி தையல்நாயகி ஆழாக்கு, கரண்டி, பிடி, சிட்டிகை என்று சமைப்பவள். அதையெல்லாம் நான் நிறுத்து எழுதித் தர வேண்டும். "இத்தனை வருஷம் இல்லாத ஆசை இப்ப எதுக்கு?" என்று போனில் கேட்டேன். மகள் பதில் பேசவில்லை. தையல்தான் பேசினாள்.

"எழுதுறதோட நிறுத்தாதீங்க. நீங்களே சமைச்சும் பாருங்க. அப்பதானே கணக்கு சரியா தப்பான்னு தெரியும்."

எனக்கு வெந்நீர் வைக்கத் தெரியும். அதற்கு மேல் கிடையாது.

போன வாரம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுப் பேசினார். அதை இங்கே எழுதி யாருக்கு என்ன பிரயோஜனம்? வயிற்றில் கோளாறு. மருந்து ஏற்றுகிறார்கள். சரியாகிவிடும்.

ஜூன் 10, செவ்வாய்

இன்று அரிசி. மதியத்துக்கும் ராத்திரிக்கும் சேர்த்து இரண்டு பேருக்கு இரண்டு ஆழாக்கு. எங்கள் அரிசிப் பானை உண்மையில் எவர்சில்வர் டிரம்தான், ஆனால் அவளுக்கு அது பானை. ஆழாக்கால் அள்ளி, கோபுரமாகக் குவித்து, "லாபம்" என்றாள். அளக்கும்போது ஒன்று என்று சொல்லமாட்டாள். அப்புறம் "ரெண்டு".

"தலையைத் தட்டி அளடி. இப்படிக் குவிச்சா ஒரு நாளைக்கு ஒரு அளவு வரும். இதுக்கெல்லாம் நான் கேஸ் போட்டிருக்கேன்."

"கடைக்காரன் தட்டட்டும். வீட்டுக்காரி தட்டுவாளா? நல்லா இருக்கு நீங்க சொல்றது!"

தராசில் கொட்டச் சொன்னேன். 328 கிராம். தலை குனிந்து எழுதிக்கொண்டிருக்கும்போதே பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போய் அரிசியைக் களைந்தாள். அவள் தண்ணீர் வைப்பது விரல் கணு கணக்கு. அதையும் நான் நிறுத்துவிட்டுத்தான் அடுப்பில் ஏற்ற விட்டேன். தண்ணீர் 860. ஒரு பெரிய வேலை முடிந்தது.

ஜூன் 12, வியாழன்

புளி. எலுமிச்சங்காய் அளவு என்கிறாள். எந்த எலுமிச்சங்காய் என்று கேட்டால், "எலுமிச்சங்காய் அளவு எலுமிச்சங்காய்தான்" என்கிறாள். சந்தைக்குப் போய்ச் சின்னதும் பெரியதுமாக ஐந்து வாங்கி வந்து வரிசையாக வைத்தேன். சிரித்துச் சிரித்து அவளுக்கு இருமல் வந்துவிட்டது. முதுகைத் தடவிக் கொடுத்தேன். முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறது. முன்பு அப்படி இருந்ததா என்று ஞாபகம் இல்லை.

மூன்றாவது எலுமிச்சங்காயைக் காட்டினாள். அந்த அளவுக்குப் புளியை உருட்டி வைத்ததில் 32 கிராம். பெருங்காயம் சுண்டைக்காய் அளவாம். வெந்தயம் "போட்டும் போடாம". போட்டும் போடாமலுக்கு இந்தத் தராசில் எண் வராது.

ஜூன் 16, திங்கள்

முதல் முறையாக நானே சமைத்தேன். அரிசி 328, தண்ணீர் 860, குக்கரில் அவள் சொன்ன விசில். குழம்பு தேவலாம். சோறு விறைத்துக்கொண்டது.

தையல் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினாள். "தொண்டையில நிக்குதுங்க. கொஞ்சம் குழைஞ்சிருக்கணும்."

டாக்டர் சொன்னதில் இது ஒன்றை எழுதலாம். சாப்பாடு இறங்குகிற வரைக்கும் பயமில்லை என்றார். அப்படியானால் சாப்பாடு இறங்க வேண்டும். இந்த வீட்டில் இனி எனக்கு உள்ள வேலை அது ஒன்றுதான்.

ஜூன் 19, வியாழன்

மூன்று நாளும் அதே கதை. தண்ணீரைக் கூட்டினால் கஞ்சியும் இல்லாமல் சோறும் இல்லாமல் ஏதோ ஒன்று வருகிறது. "பசை மாதிரி இருக்கு" என்று அதையும் தள்ளிவிட்டாள். அவள் கை வைத்தால் மட்டும் பூப்போல வருகிறது. அதே அரிசி, அதே குக்கர், என் கண் முன்னால் நிறுத்த கணக்கு! குக்கர் வாஷரை மாற்றினேன். அரிசிக் கடைக்காரனிடம் போய்ப் புது அரிசியைத் தள்ளிவிட்டாயா என்று சத்தம் போட்டேன். அவன் என்னிடம் முன்பு அபராதம் கட்டியவன். "சார், அரிசி பழசுதான் சார்" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று அவளுக்குக் கொஞ்சம் தெம்பு. "நகருங்க, நான் வடிக்கிறேன்" என்று வந்தாள். நான் இந்த முறை எழுதவில்லை. நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கடையில் கள்ளத் தராசுக்காரனைப் பார்ப்பது போலக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

லாபம், ரெண்டு. கோபுரமாக. பாத்திரத்தைத் தூக்கினாள். பானைக்கு மூடி போடும் முன்னால், பாத்திரத்திலிருந்து ஒரு பிடி அள்ளி மறுபடி பானைக்குள் போட்டாள். மூடினாள். போய்விட்டாள்.

"நில்லு! இப்ப என்ன செஞ்ச?"

"என்ன செஞ்சேன்?"

"ஒரு பிடி திருப்பிப் போட்டியே!"

"நானா? எப்ப?"

அவளுக்கே தெரியவில்லை! மறுபடி செய்யச் சொன்னேன். கை தானாகப் பானைக்குப் போனதும் அவளே நின்று பார்த்தாள். "ஆமாங்க, எங்கம்மா போடும். பானையிலேர்ந்து எடுத்தா கொஞ்சம் திருப்பிப் போடணும்னு சொல்லும். வெறுங்கையோட பானையை விட்டு வரக் கூடாதாம்."

நாற்பது வருஷம் இந்த வீட்டில் தினமும் ஒரு பிடி குறைத்துப் பொங்கியிருக்கிறாள், நான் சாப்பிட்டிருக்கிறேன். அந்தப் பிடியைத் தராசில் போடச் சொன்னேன். 38 கிராம்.

ஜூன் 25, புதன்

328-இல் 38 கழித்தேன். குழைந்தது. தையல் ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டாள், ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டாள். "பாஸ்" என்றாள். எனக்கு ஆடிப்பாட வேண்டும்போல இருந்தது, வாசலில் போய் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 3, வியாழன்

தஞ்சாவூர். மருந்து ஏற்றும் முன் நர்ஸ் எடை பார்த்தாள். 44 என்றாள். போன தடவை 48. குனிந்து எடை மேடையைப் பார்த்தேன். முத்திரை காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. "இதுல பார்த்த எடையை எப்படிம்மா நம்புறது? சட்டப்படி இது செல்லாது" என்றேன். அந்தப் பெண் முழித்தது. உள்ளேயிருந்து இன்னொரு ஆள் வந்தார். அவரிடமும் சொன்னேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"விடுங்க, எல்லாரும் பாக்குறாங்க" என்று தையல் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். பஸ்ஸில் வரும்போது என் தோளில் சாய்ந்து தூங்கினாள். எடை மேடையில்தான் கோளாறு.

ஜூலை 9, புதன்

சமையல் இப்போது என் கையில். சாம்பார், ரசம், கூட்டு, புளிக்குழம்பு எல்லாம் கிராமில் எழுதி, சமையலறை அலமாரிக் கதவில் தாள் ஒட்டியாயிற்று. ஒரு இடம் மட்டும் காலி: "அரிசி 328. திருப்பிப் போட" என்று எழுதி அதற்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை. ஒரே ஒரு அளவீட்டை நம்பக் கூடாது. பல தடவை நிறுத்துச் சராசரி எடுக்க வேண்டும், அதுதான் முறை. அதனால் தினமும் நான் அளந்த பிறகு அவளைக் கூப்பிட்டு ஒரு பிடி எடுக்கச் சொல்கிறேன்.

"இதுக்கு ஒரு ஆளா? நீங்களே எடுத்தா என்ன?"

"என் கை பெரிசு. கணக்கு மாறிடும்."

இன்று 33 காட்டியது. தராசு ஈரமாகியிருக்க வேண்டும்.

ஜூலை 18, வெள்ளி

27. பேட்டரி மாற்றினேன். மறுபடியும் 27.

"மலிவுச் சாமான். புத்தியைக் காட்டிடுச்சு" என்றேன்.

தையல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். "உங்க எடைக்கல்லு இருக்குல்ல, அதை வெச்சுப் பாத்துடுங்களேன்."

"பீரோ சாவி எங்க இருக்குன்னு தெரியலை."

"உங்க சட்டைப் பையிலதான் இருக்கு."

அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். கொல்லையில் முருங்கை மரத்துக்குத் தண்ணீர் விட வேண்டியிருந்தது.

ஜூலை 26, சனி

அடுத்த மருந்து ஏற்ற வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள், சாப்பிடக் கேட்டதைக் கொடுங்கள் என்றார்கள். அலைச்சல் மிச்சம்.

வலிக்கு மாத்திரை காலை, மாலை. சோற்றை மத்தால் மசித்து, ரசம் ஊற்றிக் கரைத்துக் கொடுக்கிறேன். அரைக் கிண்ணம் இறங்குகிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. தெருவில் எல்லாரும் காவேரிக்குப் போகிறார்கள். தையல் கட்டிலில் இருந்தபடி, "எலுமிச்சஞ்சாதமாவது கிளறுங்க. நாளும் கிழமையுமா வெறும் சோறா?" என்றாள். அவள் கட்டிலிலிருந்து சொல்லச் சொல்லக் கிளறினேன். கடுகு வெடித்து என் கையில் பட்டு நான் கத்தியதைக் கேட்டு உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தம் கேட்டு!

சாதம் கிளறுவதற்கு முன்னால் நடந்ததை எழுத வேண்டும். அவளால் இப்போது சமையலறைக்கு வர முடியவில்லை. அதனால் தினமும் அரிசிப் பாத்திரத்தையும் தராசையும் கட்டிலுக்குக் கொண்டுபோகிறேன். அவள் ஒரு பிடி எடுத்துத் தராசில் போடுவாள், நான் எண்ணைப் பார்த்துவிட்டு அரிசியைப் பானைக்குக் கொண்டுபோவேன். இன்று 14.

"சனியன் பிடிச்ச தராசு" என்று அதைத் தட்டினேன்.

"தராசு என்ன பண்ணும், பாவம்" என்றாள்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எழிலு கேக்கல. நான்தான் அவகிட்ட சொல்லி இதை வாங்கி அனுப்பச் சொன்னேன். உங்களுக்கு எண்ணு இருந்தாத்தானே எதையும் செய்ய வரும்? நான் இல்லாம நீங்க கடையில வாங்கித் தின்னுக்கிட்டு, பட்டினி கெடந்து... அதை நெனச்சாத்தான் எனக்கு ஆறலை. மத்தது எனக்கு ஒண்ணும் இல்லை."

"வாயை மூடு."

"என் பிடியையும் நீங்கதான் இனிமே போடணும்."

"வாயை மூடுன்னு சொன்னேன்ல!"

நோயாளியிடம் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. கத்திவிட்டு அடுப்படிக்குப் போய் எலுமிச்சம்பழத்தை நறுக்கினேன். கண்ணில் சாறு தெறித்துவிட்டது. சாதம் நன்றாக வந்தது. அவள் சாப்பிட்டது ஒரு கரண்டி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

பாத்திரத்துக்குள் கையை விட்டாள். விரல் மடங்கவில்லை. என் கையை அவள் கைமேல் வைத்து மூட வைத்தேன். தூக்கும்போது எல்லாம் வழிந்துவிட்டது.

இன்று தராசை எடுக்கவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

எழில் வந்துவிட்டாள். அம்மாவுக்குத் தண்ணீர்தான் ஸ்பூனில் இறங்குகிறது. நான் எழிலுக்காகச் சமைத்தேன். தட்டில் கையை வைத்துவிட்டு அந்தப் பெண் அப்படியே அழுதாள். "காரமா?" என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

விடியற்காலை தையல் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 16, சனி

நேற்று எடுத்தாயிற்று. எல்லாரும் உட்கார் என்றால் உட்கார்ந்தேன், எழுந்திரு என்றால் எழுந்தேன். ஒன்றே ஒன்றுதான் எழுத இருக்கிறது.

வாய்க்கரிசிக்கு நேரமாகிவிட்டது என்றார்கள். தையலின் தம்பி குஞ்சிதபாதத்தின் மனைவி உள்ளே போய், பானையைத் திறந்து, தட்டு நிறைய அரிசி அள்ளிக்கொண்டு வந்தாள். மூடி போடும் சத்தம் கேட்டது. நான் எழுந்து போய் அவளை நிலைப்படியில் மறித்து, தட்டிலிருந்து ஒரு பிடி எடுத்தேன்.

"அத்தான், இங்க இல்ல. அக்கா வாயில போடணும், வாங்க" என்று குஞ்சிதபாதம் என் தோளைப் பிடித்தான். எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பான்.

நான் சமையலறைக்குப் போனேன்.

"ஐயோ அத்தான், எடுத்தது எடுத்ததுதான்! அந்த அரிசி திரும்ப உள்ள போகக் கூடாது. வீட்டுக்கு ஆகாது!"

பின்னாலேயே இரண்டு மூன்று பேர் வந்தார்கள். யாரோ ஒரு அம்மாள் "தடுங்களேன்" என்றாள். நான் மூடியைத் திறந்தேன்.

"உங்க அக்கா ஒரு நாளும் வெறுங்கையோட பானையை விட்டு வந்ததில்லை, குஞ்சு" என்றேன். "இன்னைக்கு மட்டும் எப்படிடா விடுவேன்?"

போட்டேன். குஞ்சிதபாதம் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதான். நான் திரும்பி வந்து, அவள் வாயில் மூன்று தடவை அரிசி போட்டேன். சிரமப்பட்டு விழுங்க வேண்டியதில்லை இனி.

பானையில் போட்டது எத்தனை கிராம் என்று தெரியாது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

காரியம் எல்லாம் முடிந்து எழில் காலை ரயிலில் கிளம்பினாள். புனேவுக்கு வந்துவிடுங்கள் என்று கெஞ்சினாள். தீபாவளிக்கு வருகிறேன் என்றேன். கிளம்பும் முன் அலமாரித் தாளைப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு இடம் காலியா இருக்கேப்பா" என்றாள்.

ரயிலடியிலிருந்து வந்து குளித்துவிட்டுச் சமையலறைக்குப் போனேன். தராசின் பொத்தானை அழுத்தினேன். எண் பளிச்சென்று எரிந்தது. பேட்டரிக்கு ஒன்றும் ஆகவில்லை.

லாபம், ரெண்டு. ஒற்றை ஆளுக்கு இரண்டு ஆழாக்கு எதற்கு? ஆனால் அவள் கணக்கில் கை வைக்க மனம் வரவில்லை, மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தால் நாளைக்கு ஆகும். ஒரு பிடி அள்ளித் தராசில் போட்டேன். என் கைக்கு 61 வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பாத்திரத்தில் உதிர்த்து, 38 வந்ததும் நிறுத்தினேன். அந்த 38-ஐப் பானையில் போட்டு மூடினேன்.

சோறு குழைந்து வந்தது. வயிறாரச் சாப்பிட்டேன், தையல். கடையில் ஒன்றும் வாங்கவில்லை.

கை கழுவிவிட்டு வந்து தாளில் காலியாக இருந்த இடத்தில் 38 என்று எழுதினேன். சராசரி எடுக்கவில்லை. அதன் பிறகுதான் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துப் பீரோவைத் திறந்தேன். எந்தக் கடைக்குள் போனாலும் நான் முதலில் செய்கிற வேலை இது. தராசைக் குறை சொல்ல ஆரம்பித்த நாளிலிருந்து செய்யவில்லை. எடைக்கல்லைத் துணியால் துடைத்துத் தராசின் நடுவில் வைத்தேன்.

100 காட்டியது. எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தேன். 100.

தராசில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கும் இருந்திருக்காது.